நாலாவது வரப்பு

சீனித்தாய் மிதித்த பாத்தியில் தண்ணீர் கீழே இறங்காது. வடக்கு அளத்தில் இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். உப்பளத்தில் பாத்தி மிதிப்பது என்றால் சும்மா தைதை என்று குதிப்பதில்லை. களிமண்ணையும் மணலையும் அளவாகக் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே குதிகாலை ஊன்றி ஊன்றி வர வேண்டும். ஒரு குதிகால் அகலம் விட்டுப்போனாலும் போச்சு, அந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும், பாத்தியில் உப்பு விளையாது. பதினாறு வயதில் கல்யாணமாகி வந்தவள் இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கறுத்த, ஒடிசலான உடம்பு. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். அளத்துக் கங்காணிகூட அவளிடம் அளந்துதான் பேசுவார். கூட ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல் திருப்பிக் கேட்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் புருஷன் பால்துரையும் அதே அளத்தில்தான் வேலை பார்த்தான். அவன் ஏற்றம் மிதிக்கிறவன். உப்புக்கிணற்றின் மேலே கிடக்கிற நீளமான ஏற்ற மரத்தில் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பான். அவன் நடக்கிற நடையில் மறுமுனையில் கட்டின வாளி கிணற்றுக்குள் இறங்கி, நிறைந்து, மேலே வரும். எத்தனை வாளி இறைத்தது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடப்பது அந்த வேலையில் பாதி. கையில் கயிறும் கிடையாது, பிடிமானமும் கிடையாது. பத்தொன்பது வருஷம் அந்த மரத்தில் நடந்தவன், நாட்டுக்குச் சுதந்திரம் வந்து அளத்தில் ஆளுக்கு ஒரு கை மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் கால் வழுக்கிக் கிணற்றுக் கட்டின்மேல் விழுந்தான். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மரச்சட்டம் வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சீனித்தாயைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஐப்பசி முடிகிறவரை அந்தக் காலை அசைக்கக் கூடாது. ஆளைத் தூக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது, எழுந்து நின்றால் தொலைந்தது. கட்டுப் பிரித்த அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் கட்டை ஊன்றி நடந்து பழக வேண்டும், கார்த்திகை மாசத்தை விட்டுவிட்டால் முட்டி இறுகிப்போய் அப்புறம் தலைகீழாக நின்றாலும் கால் நீளாது. சீனித்தாய் அந்த இரண்டையும் சாமி வாக்கு மாதிரி மனசில் இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லாமல் போனது அன்றிலிருந்துதான்.

அவர்கள் வீடு மாப்பிள்ளையூரணிக்குப் போகிற வழியில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. ஒற்றை அறை, மண் சுவர், பனையோலைக் கூரை. முன்னால் முற்றம் என்று இருந்தது வெறும் கடற்கரை மணல். நல்ல கால் உள்ளவனே அதில் நடந்தால் கணுக்கால் புதையும். அதில் கட்டை ஊன்றி நடப்பதாவது? ஊன்றின கட்டை முழ ஆழத்துக்கு உள்ளே போகும், ஆள் முகங்குப்புற விழுவான். இதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவளுக்கு மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. வந்த யோசனை சரிதானா என்று ஒருத்தரிடம் கேட்டாளா? கேட்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அளத்தோரத்திலிருந்து களிமண்ணைத் தலைச்சுமையாகச் சுமந்து வந்தாள். புரட்டாசி வெயிலில் எட்டு நாள், அறுபது கூடைக்கு மேல். முற்றத்து மணலோடு கலந்து, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து மிதித்தாள். வேலை முடிந்து வந்து மிதித்தாள், வேலைக்குப் போகுமுன்னும் மிதித்தாள். ஒன்பது தப்படி நீளம், ஏழு தப்படி அகலம். பழகின கை சும்மா இருக்குமா, தெருமணல் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வரப்பும் போட்டுவிட்டாள். நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் இருந்தது. வெயிலில் காய்ந்ததும் தரை வெண்கலத் தாம்பாளம் மாதிரி கிண்ணென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி வந்து குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டு, கப்பல்காரன் வீட்டில்கூட இப்படித் தரை கிடையாது என்றாள். சீனித்தாய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, படுத்திருந்த பால்துரைக்கு அந்தத் தரையைக் காட்டினாள். கார்த்திகை முதல் தேதி இதில்தான் அவன் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னாள்.

அந்த மாசமே வடபக்கத்தில் பஞ்சுப்பொதி அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பழைய ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள். அதன் ஒரு பக்கச் சரிவு அப்படியே இவள் முற்றத்தைப் பார்த்து இறங்கியது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, சீனித்தாயும் கவனிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் முதல் மழை பெய்தது. பெரிய மழையென்று சொல்ல முடியாது, காலையில் பிடித்து உச்சிப்பொழுதுக்குள் விட்டுவிட்டது. ஆனால் முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த முற்றத்தில் ஒரு கை தண்ணீர் நின்றதில்லை. சீனித்தாய் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரற்கடை, அதற்கு மேலும் கொஞ்சம். அவளுக்கு உடனே தகரக் கூரைமேல் கண் போனது.

அளத்துக்காரிக்குத் தண்ணீரை அளக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இன்ன நீளம் இன்ன அகலம் உள்ள பாத்திக்கு ஒரு விரற்கடை தண்ணீர் கட்ட எத்தனை வாளி வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். இந்த முற்றத்துக்கு வாளிக்குப் பதில் குடமாக வைத்தால் விரற்கடைக்கு ஐம்பது குடம். மழைக்கு முன்னால் குடிதண்ணீர் பிடிப்பதற்காக, மேல்பக்கம் வெட்டின மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைத் திறந்தவெளியில் கல்மேல் வைத்திருந்தாள். அதில் குச்சி விட்டால் சரியாக ஒரு விரற்கடை. அப்படியானால் வானத்திலிருந்து விழுந்தது ஐம்பது குடம். முற்றத்தில் கிடப்பதோ நூற்றுப் பதினைந்து. மிச்சம் எங்கிருந்து வந்தது? கிட்டங்கிச் சரிவை வெளியிலிருந்து தப்படி போட்டு அளந்தாள். அவள் முற்றத்தின் நீள அகலம் அப்படியே அதிலும் இருந்தது, ஒன்பதுக்கு ஏழு. அதில் விழுந்த ஐம்பது குடமும் இங்கேதான் இறங்கியிருக்கிறது. தன் வீட்டு ஓலைக் கூரையின் முன்சரிவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அதற்குப் பதினைந்து குடம். கணக்கு இம்மி பிசகாமல் நின்றது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்தாள்.

கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை ஆறுமுகநயினார் ஆற்றங்கரைப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மெதுவாகப் பேசுகிற மனுஷர். ஏழைபாழை வீட்டுக்குள் தண்ணீரை விட்டுவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீரே, நல்லா இருப்பீரா என்று தொடங்கி, வாசலில் நின்றுகொண்டே அவரைப் பஞ்சுப்பொதி பிரிக்கிற மாதிரி பிரித்தெடுத்தாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து பார்ப்பதாக அவர் சொன்னார். அதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் சீனித்தாய் முற்றத்துத் தண்ணீரில் ஒரு குடம்கூட வெளியே எடுக்கவில்லை. சாட்சியை அவளே கலைப்பாளா? மூன்றாம் நாள் ஆறுமுகநயினார் வந்து குச்சி விட்டபோதும் அதே இரண்டு விரற்கடைச் சொச்சம் இருந்தது. சாட்சி சொட்டுக் குறையாமல் கிடக்கிறதே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். பாருங்கள், அந்தச் சந்தோஷத்தைத்தான் அவள் ஆயுசுக்கும் நினைத்து நினைத்து அழுதாள்.

அவர் தப்படி போட்டுப் பார்த்தார், கூரைத் தகரத்தில் கை வைத்துப் பார்த்தார், அவள் சொன்ன கணக்கை விரல் மடக்கிக் கேட்டார். கடைசியில், தப்பு எங்கள் பேரில்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். மூன்றே நாளில் ஆள் விட்டு, தகரத்தை வாய்க்கால் மாதிரி மடித்து, கூரை விளிம்பு நெடுகத் தாரை அடித்துத் தண்ணீரைக் கிட்டங்கியின் பின்பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார். சண்டைக்கென்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போனதில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஜெயித்தாயிற்று. முற்றத்தில் கிடந்த பழைய தண்ணீரை மண் குடித்துவிடும் என்று விட்டுவிட்டாள். வானம் மூடியே கிடந்தது.

தாரை அடித்த மறுநாள் காலை இரண்டாவது மழை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் மறுபடியும் ஒரு விரற்கடை. தாரையிலிருந்து ஒரு சொட்டு இந்தப் பக்கம் விழவில்லை. சீனித்தாய் மழையிலேயே அதன் அடியில் போய் நின்று, தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஆக, வானத்து ஐம்பது, ஓலைக் கூரையின் பதினைந்து, மொத்தம் அறுபத்தைந்து குடம்தான் சேர்ந்திருக்க வேண்டும். குச்சியை விட்டாள். ஏறத்தாழ நாலு விரற்கடை இருந்தது. மறுபடியும் விட்டாள், வேறு இடத்தில் விட்டாள். அதே நாலு.

நாலிலிருந்து இன்றைய மழையைக் கழித்தாள். மிஞ்சியது இரண்டு விரற்கடைச் சொச்சம். ஆறு நாளைக்கு முன்னால் பெய்த மழை அப்படியே கிடக்கிறது. மண் ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்று அவளுக்கு யார் சொல்ல வேண்டும்? கீழே இருப்பது மணல். எத்தனை பெய்தாலும் குடிக்கிற மணல். அதன் வாயை ஒரு சாண் களிமண் போட்டு, குதிகால் அகலம்கூட விடாமல் அடைத்தவள் அவள்தான். வெளியே விடலாமென்றால் தெரு மேடு; யுத்த காலத்தில் லாரிகள் போக வேண்டுமென்று சரளைக்கல் கொட்டி முழ உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சுவரோரமாகப் போய்க் குனிந்து பார்த்தாள். அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. விரலை வைத்து அழுத்தினாள். முதல் கணு வரைக்கும் விரல் மாவுக்குள் போகிற மாதிரி உள்ளே போனது. அந்தச் சுவரை ஒட்டித்தான் உள்ளே பால்துரையின் பலகை கிடந்தது. அறையில் வேறு இடமும் இல்லை, அவனை நகர்த்தவும் கூடாது.

இதை அவனிடம் சொன்னாளா என்றால், சொல்லவில்லை. சொன்னால் உடைக்கச் சொல்லுவான். உடைத்தால் மறுபடி மிதிக்க மண் காய வேண்டும், மண் காய வெயில் வேண்டும், வெயில் தை மாசம்தான் வரும். கார்த்திகையில் அவன் எங்கே நடப்பான்? வேலைக்குப் போகாமல் குடத்தை எடுத்தாள். முற்றத்திலிருந்து மொண்டு, வரப்பைத் தாண்டி, தெருமேட்டில் ஏறி அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் கொண்டுபோய் ஊற்றினாள். பொழுது சாய்கிறவரைக்கும் ஊற்றினாள். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி ஆனபிறகு உள்ளே வந்து, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“எத்தன கொடம் எடுத்த?” என்று பால்துரை கேட்டான்.

“எண்ணலே.”

“நான் எண்ணுனேன். அறுவத்தி எட்டு.” “தகரத்துல ஒரு வெரக்கடதான் கெடந்துச்சுன்னு நீயே சொன்ன. கிட்டங்கித் தண்ணியும் இங்க வரல. அறுவத்தி எட்டு எடுத்தா தரை தெரியணும்லா. தெரியுதா?”

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாய் திறக்காதது அன்றைக்குத்தான்.

“ஏளா, நீ கெட்டுனது முத்தமில்ல, பாத்தி. மூணு பக்கம் வரப்பு போட்டுட்ட. நாலாவது வரப்பு இந்தச் சுவரு.” படுத்தபடியே கையை நீட்டிச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தான். “சில்லுன்னு இருக்கு. ஒடச்சிரு.”

“ஒடச்சா நீரு எங்கன நடப்பீரு?”

“மொதல்ல நாம ரெண்டு பேரும் உசுரோட கெடப்போம்.”

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வெளுத்துவிடும், வெளுத்தால் மிச்சத்தையும் இறைத்துவிடுவேன், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும் என்று அவனிடம் பேரம் பேசினாள். அவனிடம் பேசி என்ன பிரயோசனம்? மழையிடமல்லவா பேச வேண்டும். அவனும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவள் அறுபது கூடை மண் சுமந்ததை அவனும் படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தவன்தானே.

மறுநாள் விடிந்ததும் கிழக்கே கடல் பக்கம் கரேலென்று இருந்தது. அடுப்பில் உலை வைப்பதற்குள் மழை வந்துவிட்டது. இதற்கு முன்னால் பெய்ததெல்லாம் மழையே இல்லை என்கிற மாதிரி வந்தது. கிட்டங்கித் தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சு கேட்கவில்லை. அடுப்பிலிருந்த சோறு வேகுமுன் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு விரற்கடை ஏறிவிட்டது. அரை நாழிகை கழித்துப் பார்த்தால் இரண்டு. தாரையும் தாங்கவில்லை, விளிம்பு தாண்டி வழிந்தது. இனி விரற்கடைக்கு ஐம்பது, அறுபத்தைந்து என்று கணக்குப் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவள் ஒரு குடம் எடுத்து வெளியே கொண்டுபோய் ஊற்றுவதற்குள் பத்துக் குடம் உள்ளே விழுந்தது. சுவரின் வெளிப்பக்கம் மண் கட்டி கட்டியாகக் கழன்று தண்ணீரில் விழத் தொடங்கியது.

வாசலில் வந்து நின்றாள். பால்துரை சுவரிலிருந்து கையை எடுக்காமலே அவளைப் பார்த்தான். அவள் மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

சுவருக்கு எதிர்மூலையில்தான் முதலில் குத்தினாள். எங்கே குத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முதல் குத்துக்குக் கடப்பாரை ‘ணங்’கென்று கல்லில் பட்ட மாதிரி எகிறியது. நாலாவது குத்தில் பொத்துக்கொண்டது. தண்ணீர் சுழித்து உள்ளே இறங்குவதைக் காலில் உணர்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை நல்லா மிதிச்சிருக்கியேடி பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்ததைக் குத்தினாள். ஆனால் ஒரு ஓட்டை திறந்தால் கரைந்த களிமண் கொஞ்ச நேரத்தில் அதையே அடைத்தது. பேர்த்தெடுக்க வேண்டியிருந்தது. கடப்பாரையைச் செருகி நெம்பி, சாண் கனத்துக் களிமண்ணைப் பாளம் பாளமாகப் புரட்டிப் போட்டுக்கொண்டே வந்தாள். கை கொப்புளம் உடைந்து கடப்பாரை வழுக்கியது. முற்றத்தின் அந்தப் பாதி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டது. மட்டம் இறங்குகிறது, வரப்பில் கறை தெரிகிறது. சுவரோரம் மட்டும் தரை கொஞ்சம் தாழ்வு. அங்கே இன்னும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டு நின்றது.

அங்கே போனாள். போகாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் தானாகவே இந்தப் பக்கம் வடிந்திருக்கும், ஒரு நாழிகை பொறுத்திருந்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு ஒரே நினைப்பு, சுவரைத் தண்ணீர் தொடக் கூடாது. அவன் அதற்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறான். சுவரடியில் குனிந்து, கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள்.

உள்ளே பால்துரையின் உள்ளங்கைக்கு அது முதலில் தெரிந்தது. பத்தொன்பது வருஷம் காலடியில் மரம் அசைகிற அசைவை வைத்துப் பிழைத்தவன். சுவர் ஒரு தடவை மூச்சு விட்டது. பிறகு அவன் கையை விட்டு மெள்ள அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. வெளியே சாய்கிறது. அவள் வெளியே நிற்கிறாள். அவன் கத்தினான். பேரைச் சொல்லிக் கத்தினான், வெலகு வெலகு என்று கத்தினான். தகரத்து இரைச்சலில் அவள் காதில் எதுவும் விழவில்லை. அடுத்த குத்து விழுந்தது.

அவன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள், அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. பலகையிலிருந்து வாசலுக்கு மூன்று அடி. வாசலிலிருந்து அவள் நின்ற இடத்துக்கு ஐந்து. மரச்சட்டம் கட்டின காலை ஊன்றி ஊன்றி, அவள் இன்னும் பேர்க்காத அந்தத் தரையில் தண்ணீருக்குள் நடந்து போனான். அவளைப் பின்கொண்டையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் மல்லாந்து தண்ணீரில் விழுந்தார்கள். கூரையின் ஒரு பக்கத்தையும் இழுத்துக்கொண்டு சுவர் அவள் நின்ற இடத்தில் பொத்தென்று படுத்தது.

என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெயர்ந்த இடத்தின் வழியாக வீட்டின் உட்புறம் தெரிந்தது. அவன் படுத்திருந்த பலகை மேல் ஒரு பிடி மண்கூட விழவில்லை. விரித்திருந்த சேலைத்துணி கசங்காமல் கிடந்தது. அவன் படுத்தே இருந்திருந்தால் அவனுக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு அவன் காலைப் பார்த்தாள். சட்டம் இரண்டாக உடைந்திருந்தது. கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் நேராகக் கூடவே இல்லை, அவன் ஏற்ற மரத்தில் ஏறவும் இல்லை. அதெல்லாம் பின்னால். அப்போது அவளுக்கு வந்தது கோபம்தான். அவன் மார்பில் ஈரக் கையால் அடித்தாள்.

“ஒம்ம யாரு எந்திரிக்கச் சொன்னா? சொல்லும், யாரு எந்திரிக்கச் சொன்னா?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். மழை முகத்தில் அடித்தது. திரும்பத் திரும்ப அவள் அதையே கேட்டுக்கொண்டிருக்க, கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

“நான் நடக்கத்தானளா இத மிதிச்ச.”

ஆறுமுகநயினார் கிட்டங்கி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டி ஓடிவந்தார். அவர்கள் வருகிறவரைக்கும் சீனித்தாய் அந்தக் காலைத் தன் இரண்டு கையாலும் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.